காப்பு வழங்கியும் மென்பொருட் களஞ்சியமும்

நூலைக் காப்பது ஒரு பணி. அந்நூலைப் படிக்கும் வழியைக் காப்பது மற்றொரு பணி. ஓலைச்சுவடிக் காலத்தில் இவ்விரண்டும் வேறு வேறாகத் தோன்றவில்லை. எழுத்தறிந்தார் கையில் ஏடு கிடைத்தால் போதும்; படித்துவிடுவர். கணிப்பொறிக் காலத்திலோ நிலைமை வேறு. ஓர் எழுத்தும் குறையாமல் நூல் முழுவதும் வன்தட்டில் இருக்கும். ஆயினும் படிக்க இயலாது. படித்துக் காட்டும் மென்பொருள் இல்லையாயின், உள்ள நூலும் இல்லாத நூலே ஆகும்.

இவ்வுண்மைக்குச் சிங்கப்பூர்த் தமிழுலகம் நல்ல சான்று. இணையத்தில் தமிழ் ஏறிய தொடக்க ஆண்டுகளிலேயே இந்நாட்டில் முயற்சிகள் நடந்தன. எழுத்தாளரும் தேசியக் கல்விக்கழக விரிவுரையாளருமாக விளங்கி 1999ஆம் ஆண்டில் மறைந்த நா. கோவிந்தசாமி அவர்கள் அத்துறையில் முன்னோடி. 1995ஆம் ஆண்டில் சிங்கப்பூர்க் கவிதைகள் தமிழ் எழுத்திலும் இணையத்தில் இடம் பெற்றன. 1997 மே திங்களில் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் கூடிற்று.

அக்காலத்தில் ஒருங்குறி பொதுவழக்கிற்கு வரவில்லை. எட்டு பிட் அளவில் அமையும் 256 இடங்களுக்குள் தமிழ் எழுத்துகளை அமர்த்த வேண்டியிருந்தது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதை ஒவ்வொரு மென்பொருளாரும் தத்தம் விருப்பப்படி வகுத்தனர். பின்னர் 'திஸ்கி' என்னும் குறிமுறை எழுந்தது. 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டை ஒட்டி 'டாம்', 'டாப்' என்னும் குறிமுறைகளைத் தமிழ்நாட்டு அரசு ஏற்றது. இவ்வாறு எழுதப்பெற்ற கோப்பு ஒன்றை இன்றைய கணிப்பொறியில் திறந்தால், ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியலே தென்படும். கவிதை அழியவில்லை, அதைப் படிக்கும் வழியே மறைந்தது.

ஆகவே தமிழ் நூல்களுக்குக் காப்புப் படி வைப்போர், நூலோடு நூலைப் படிக்கும் கருவியையும் காத்தல் வேண்டும். அக்கருவி எங்கிருந்து வருகிறது, எவ்வாறு வருகிறது, வரும் வழி அடைபட்டால் யாது செய்வது என்னும் வினாக்களுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

காப்பு வழங்கி

பிற கணிப்பொறிகள் கேட்பதைத் தரும் கணிப்பொறி 'வழங்கி' எனப்படும். மூலக் கோப்புகளின் மறுபடிகளை ஏற்று வைத்திருந்து, மூலம் கெட்டபோது திருப்பித் தரும் வழங்கி 'காப்பு வழங்கி' ஆகும்.

சிங்கப்பூர் விடுதலையின் பொன்விழா ஆண்டாகிய 2015இல், ஐம்பது ஆண்டுச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம் தேசிய நூலக வாரியத்தின் துணையோடு மின்வடிவு பெற்றது. அத்தகைய பெருநிறுவனங்களுக்கு வல்லுநர் உண்டு. தேக்காவைச் சூழ்ந்துள்ள சிறு பதிப்பகம், தமிழ்ச் சங்கம், துணைப்பாட நிலையம், தம் பாடக்குறிப்புகளை இருபது ஆண்டுகளாகச் சேர்த்துவரும் தமிழாசிரியர் ஆகியோருக்கோ ஒரு சிறு கணிப்பொறியே காப்பு. லிட்டில் இந்தியாவிலிருந்து சற்று நடந்தால் சிம் லிம் சதுக்கம். வேண்டிய உறுப்புகள் அங்கே கிடைக்கும். லினக்ஸ் இயங்குதளமோ விலையின்றிக் கிடைக்கும். பொருள் வாங்குவது எளிது. அப்பொறிக்கு மென்பொருள் வரும் வழியை ஒழுங்கு செய்வதிலேதான் கவனம் தேவை.

களஞ்சியம் என்னும் கிட்டங்கி

'கிட்டங்கி' என்னும் சொல் சிங்கப்பூர்த் தமிழர்க்குப் புதிதன்று. மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் தொழில் நடத்திய மனைகள் அப்பெயராலேயே வழங்கின. சரக்கறை என்பது அச்சொல்லின் பொருள். மென்பொருட் களஞ்சியமும் ஒரு கிட்டங்கியே. அங்கு அடுக்கி வைக்கப்பட்டுள்ள மூட்டைக்குப் 'பொதி' என்று பெயர்.

ஒரு பொதிக்குள் மென்பொருளின் கோப்புகளோடு ஒரு சீட்டும் இருக்கும். பெயர் யாது, எத்தனையாம் பதிப்பு, இப்பொதி இயங்க வேறு எப்பொதிகள் வேண்டும் என்பன அச்சீட்டில் காணப்படும். 1993இல் தோன்றிய டெபியன் என்னும் இயங்குதளத்தில் 'ஆப்ட்' என்னும் கருவி அச்சீட்டைப் படித்து, வேண்டிய துணைப் பொதிகள் அனைத்தையும் தானே வருவித்து நிறுவுகிறது. 2023 ஜூன் திங்களில் வெளிவந்த டெபியன் 12ஆம் பதிப்பில் 64,000க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. இத்தனைக்கும் வழிகாட்டி சில வரிகளே கொண்ட ஒரு பட்டியல். 'சோர்சஸ் லிஸ்ட்' எனப்படும் அப்பட்டியலின் ஒவ்வொரு வரியும் மூன்று செய்திகளைச் சொல்லும்: களஞ்சியத்தின் முகவரி, இயங்குதளப் பதிப்பின் பெயர், களஞ்சியத்துள் எப்பகுதி வேண்டும் என்பது.

இப்பட்டியலில் பிழை நேர்ந்தால் விளைவு உடனே தெரியாது. வழங்கி வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். புதிய திருத்தங்கள் மட்டும் வந்து சேரா. அன்றாடம் பலர் பயன்படுத்தும் கணிப்பொறியில் இக்குறை விரைவில் வெளிப்படும். காப்பு வழங்கியோ மூலையில் இருப்பது. மூலம் கெட்ட நாளன்றுதான் அதை நாடுவர். எனவே பட்டியலைத் தொடக்கத்திலேயே செம்மை செய்தல் பிற பொறிகளினும் இதற்கே இன்றியமையாதது.

ஆடித் தளமும் காப்புப் படியும்

ஒரே களஞ்சியத்தை உலகம் முழுவதும் நாடினால் நெருக்கடி உண்டாகும். ஆதலின் அதன் மறுபடிகளைப் பல நாடுகளில் வைத்துள்ளனர். மூலத்தைக் கண்ணாடிபோல் காட்டுவதால் அவற்றை 'ஆடித் தளம்' எனலாம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் இத்தகைய தளங்களை நடத்திய இடங்களுள் ஒன்று. அண்மையிலுள்ள ஆடித் தளத்தைப் பட்டியலில் குறித்தால் பொதிகள் விரைந்து வரும்.

ஆயினும் ஆடித் தளத்தைக் காப்புப் படியாகக் கருதுதல் பெரும்பிழை. முகத்தில் கரி பட்டால் கண்ணாடியும் கரியையே காட்டும். 2013 மார்ச் திங்களில் கே.டி.இ. என்னும் மென்பொருள் திட்டத்திற்கு நேர்ந்தது இதற்குச் சான்று. அவர்களுடைய மூல வழங்கியில் கோப்புகள் சிதைந்தன. உலகெங்கும் இருந்த ஆடித் தளங்கள், சிதைவையும் மாற்றம் என்றே கொண்டு, தம்மிடம் இருந்த நல்ல படிகளையும் அவ்வாறே மாற்றிக்கொண்டன. 1,500க்கும் மேற்பட்ட மூலத்தொகுப்புகள் அழியும் நிலை உண்டாயிற்று. அச்சிதைவைப் படியெடுக்காமல் தப்பிய ஒரு வழங்கியிலிருந்தே அவை மீட்கப்பட்டன.

சுவடி படியெடுத்தோர் வரலாறு அறிந்த தமிழாசிரியர்க்கு இது வியப்பன்று. பிழையுள்ள ஏட்டிலிருந்து நூறு படி எடுத்தாலும் நூறிலும் அப்பிழையே இருக்கும். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு இடத்தில் எழுந்த ஏடுகளை ஒப்புநோக்கினால்தான் மூலபாடம் விளங்கும். காப்பு வழங்கிக்கும் அதுவே நெறி. இன்றைய படியோடு சென்ற வாரப் படியும், சென்ற திங்கட் படியும் தனித்தனியே இருத்தல் வேண்டும்.

ஒப்பமும் எண்ணிக்கையும்

வழியில் எவரேனும் பொதியை மாற்றிவிட்டால் எவ்வாறு அறிவது? திருவாய்மொழிக்கு எழுந்த உரைகள் ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்று வழங்குகின்றன. 32 எழுத்துக் கொண்ட அளவே இங்குப் 'படி' எனப்படுவது. நூலின் பெயரிலேயே அதன் அளவு நிற்பதால், படியெடுத்ததில் பெருங்குறை இருப்பின் எண்ணிக் கண்டுகொள்ள இடமுண்டு. எனினும் ஓரெழுத்தை நீக்கி வேறோர் எழுத்தை இட்டால் எண்ணிக்கை மாறாது. ஆகவே அப்பிழை வெளிப்படாது.

கணிப்பொறி வல்லுநர் இக்குறையையும் நீக்கினர். எஸ்.எச்.ஏ. 256 என்னும் கணக்கு முறையில், பொதியின் உள்ளடக்கம் முழுவதும் 64 குறிகள் கொண்ட ஒரு சுருக்க எண்ணாகிறது. உள்ளே ஒரு புள்ளி மாறினும் அவ்வெண் முற்றிலும் மாறிவிடும். பொதிகளின் சுருக்க எண்கள் ஓர் அட்டவணையில் உள்ளன. அவ்வட்டவணையின் சுருக்க எண் மற்றொரு தலைப்பட்டியலில் உள்ளது. அத்தலைப்பட்டியலில் களஞ்சியத்தார் தம் மறைசாவியால் ஒப்பம் இடுகின்றனர். வழங்கியிடம் உள்ள பொதுச்சாவி அவ்வொப்பத்தைச் சரிபார்க்கும். ஒப்பம் மெய்யாயின் தலைப்பட்டியல் மெய். தலைப்பட்டியல் மெய்யாயின் அட்டவணை மெய். அட்டவணை மெய்யாயின் பொதியும் மெய். இச்சங்கிலி இருப்பதனாலேயே, முன்பின் அறியாத ஆடித் தளத்திலிருந்தும் அச்சமின்றிப் பொதி பெறலாகும்.

சில தலைப்பட்டியல்களில் 'இந்நாள் வரை செல்லும்' என்னும் குறிப்பும் உண்டு. பழைய பட்டியலையே தொடர்ந்து காட்டித் திருத்தங்களை எவரும் மறைத்துவிடாமல் இக்குறிப்புக் காக்கிறது. சரிபார்ப்பில் தடை எழும்போது, 'ஒப்பம் பார்க்க வேண்டா' என்று கருவிக்கு ஆணையிட்டு மேற்செல்லும் வழக்கம் சிலரிடம் உண்டு. காவற்காரனை உறங்கச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு அது நிகர்.

யாருக்கு இடந்தருவது?

களஞ்சியம் ஒன்றைப் பட்டியலில் சேர்ப்பது சிறு செயலாகத் தோன்றும். உண்மையில் அது பெரும் உரிமை வழங்கும் செயல். பொதி நிறுவப்படும்பொழுது வழங்கியின் தலைமை உரிமையோடு நிறுவப்படுகிறது. எக்கோப்பையும் படிக்கவும் மாற்றவும் அழிக்கவும் அதற்கு இயலும்.

பிறர் கையில் அவ்வுரிமை இருப்பதன் பொருளை 2024 ஆகஸ்ட் 4ஆம் நாள் சிங்கப்பூர்ப் பள்ளிகள் அறிந்தன. மாணவர் கருவிகளை மேலாண்மை செய்துவந்த 'மொபைல் கார்டியன்' என்னும் மென்பொருளின் தளத்தில் அயலார் நுழைந்தனர். 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவரின் கருவிகளில் இருந்தவை தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன. வேறிடத்தில் படி வைத்திராத மாணவர்தம் குறிப்புகள் போயின. அது பொதிக் களஞ்சியம் அன்று. எனினும் உணர்த்தும் பாடம் ஒன்றே. பொறியின்மீது முழு உரிமை பெற்றவர் யாவர் என்பதைப் பொறிக்கு உரியவர் அறிந்திருத்தல் வேண்டும்.

ஆதலின் காப்பு வழங்கியின் பட்டியல் குறுகியதாக இருப்பதே நன்று. இயங்குதளத்தின் நிலைப்பதிப்புக் களஞ்சியம் ஒன்று. அதற்குரிய பாதுகாப்புத் திருத்தக் களஞ்சியம் ஒன்று. இவ்விரண்டும் பெரும்பாலும் போதும். காப்பு மென்பொருளுக்கென வெளிக்களஞ்சியம் ஒன்று தேவைப்படின், அதன் சாவி அக்களஞ்சியத்திற்கு மட்டுமே செல்லுமாறு வரையறுக்கலாம். அதிலிருந்து குறித்த பொதி ஒன்றைத் தவிர வேறெதுவும் வாராதவாறும் முன்னுரிமை விதிக்கலாம். இவ்விரு வசதியும் ஆப்டில் உண்டு.

புதுமை வேட்கையால் சோதனைப்பதிப்புக் களஞ்சியத்தைச் சேர்த்தல் தகாது. 2024 மார்ச் 29ஆம் நாள், 'எக்ஸ்-இசட்' என்னும் சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவழி ஒன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்டிரிஸ் பிராயிண்டு என்னும் பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். டெபியனின் சோதனைப்பதிப்பில் அது புகுந்திருந்தது. நிலைப்பதிப்பை அது எட்டவில்லை. காலந்தாழ்த்தி ஏற்பதே அன்று காப்பாயிற்று.

கிட்டங்கி மூடப்படும் நாள்

எக்களஞ்சியமும் என்றும் திறந்திராது. 2014இல் வெளிவந்து, பல்லாயிரம் வழங்கிகளில் இயங்கிய சென்ட் ஓ.எஸ். 7ஆம் பதிப்பின் ஆதரவு 2024 ஜூன் 30ஆம் நாளோடு முடிந்தது. அதன் ஆடித் தளங்களைக் காட்டிய முகவரி நிறுத்தப்பட்டது. பொதிகள் பழம்பதிப்புகளுக்குரிய சேமிப்பிடத்தில் வைக்கப்பட்டன. பட்டியலை மாற்றாத வழங்கிகளில் ஒரு சிறு கருவியைக்கூட நிறுவ முடியாமற் போயிற்று. டெபியனும் முதிர்ந்த பதிப்புகளைத் தன் ஆவணக் களஞ்சியத்திற்கு மாற்றிவிடுகிறது. அங்கே பொதிகள் கிடைக்கும். புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கா. ஒப்பச் சாவிகளும் காலாவதியாகியிருக்கலாம்.

இங்கே இரு வழிகள் ஒருங்கே வேண்டும். முதலாவது, ஆதரவு முடியும் நாளை அறிந்து, அதற்கு முன்னரே அடுத்த நிலைப்பதிப்புக்கு மாறுதல். டெபியன் நிலைப்பதிப்பு ஒன்றுக்கு நீள் ஆதரவையும் சேர்த்து ஏறத்தாழ ஐந்தாண்டு ஆயுள் உண்டு. இரண்டாவது, இணையத் தொடர்பே இல்லாத நாளிலும் வழங்கியை மீண்டும் கட்டுவதற்குரியவற்றைக் காப்புப் படியோடு சேர்த்து வைத்தல். இயங்குதளத்தின் நிறுவல் வட்டு, களஞ்சியப் பட்டியல், பொதுச்சாவிகள், நிறுவிய பொதிகளின் பெயரும் பதிப்பும், அப்பொதிகள் ஆகிய ஐந்தும் அவற்றுள் அடங்கும். இவையனைத்தும் ஒரு சிறு தட்டில் அடங்கிவிடும்.

காப்பு மென்பொருளுக்கு இது மிகவும் பொருந்தும். சில காப்பு மென்பொருள்கள் கோப்புகளைச் சுருக்கியும் மறையாக்கியும் தமக்கே உரிய வடிவில் அடுக்கிவைக்கின்றன. 'போர்க்' என்பது அவ்வகையினது. அதன் முதல் தலைமுறைப் படிகளை இரண்டாம் தலைமுறைக் கருவி அப்படியே பயன்படுத்தாது; புதிய வடிவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். படி இருந்து அதற்குரிய பதிப்புக் கருவி இல்லையேல், பூட்டிய பெட்டியும் தொலைந்த திறவுகோலும் போல் ஆகும். 'ஆர்சிங்க்' போன்ற கருவிகள் கோப்புகளைக் கோப்புகளாகவே படியெடுப்பதால் இவ்விடர் அங்கு இல்லை. ஆனால் இடம் மிகுதியாக வேண்டும்.

தமிழுக்குரிய பொதிகள்

பழைய தமிழ்க் கோப்புகளுக்கான கருவிகள் சிலவும் இக்களஞ்சியங்களிலேயே உள்ளன. டெபியனில் லோகித் தமிழ், சம்யக் தமிழ் முதலிய எழுத்துருக்கள் பொதிகளாகக் கிடைக்கின்றன. திஸ்கிக் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றும் வசதி, லினக்ஸின் அடிப்படை நூலகமாகிய ஜி-லிப்-சி யோடு வரும் 'ஐகான்வ்' கருவிக்கு உண்டு. எனினும் ரெட் ஹேட் குடும்பத்துப் புதிய பதிப்புகளில், அருகி வழங்கும் குறிமுறைகளுக்கான மாற்றிகள் தனிப் பொதியாகப் பிரிக்கப்பட்டுள்ளன. குறைந்த அளவில் நிறுவிய வழங்கியில் அப்பொதி இல்லாதிருக்கலாம். வழங்கியை அமைக்கும் நாளிலேயே களஞ்சியத்திலிருந்து அதை வருவித்து, பழைய கோப்பு ஒன்றை மாற்றிப் பார்த்தல் நன்று.

பிற குறிமுறைகளில் அமைந்த கோப்புகளுக்கு அவ்வவற்றிற்குரிய எழுத்துருவே திறவுகோல். அவ்வெழுத்துருக் கோப்பைக் கவிதையோடும் கட்டுரையோடும் ஒரே அடைவில் வைத்தல் வேண்டும். ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரும் மூலக் கோப்பை நீக்கலாகாது. மாற்றத்தில் ஒற்றெழுத்தோ கொம்போ இடம் மாறியிருப்பின், மூலத்தைக் கொண்டே திருத்த இயலும்.

இடமும் ஒத்திகையும்

சிங்கப்பூர் சிறு தீவு. 2024 செப்டம்பர் 10ஆம் நாள் லோயாங்கிலுள்ள தரவு மையம் ஒன்றில் மின்கலங்களிலிருந்து எழுந்த தீயால் பல இணையச் சேவைகள் தடைப்பட்டன. 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சு நாட்டு ஸ்டிராஸ்பூர்க் நகரில் ஒரு தரவு மையமே எரிந்தது. மூலமும் காப்பும் அவ்வளாகத்திலேயே வைத்திருந்தோர் இரண்டையும் இழந்தனர். எனவே ஒரு படி சிராங்கூன் சாலையில் இருந்தால், மற்றொரு படி ஜூரோங்கிலோ தெம்பனீசிலோ, இயலுமாயின் கடல் கடந்தோ இருத்தல் நலம்.

எல்லாம் செய்தபின் எஞ்சுவது ஒத்திகை. ஆண்டுக்கு ஒரு முறையேனும் வெறும் கணிப்பொறி ஒன்றை எடுத்து, இணையத் தொடர்பை நீக்கி, சேமித்த பொதிகளைக் கொண்டே வழங்கியைக் கட்டிப் பார்த்தல் வேண்டும். அதில் ஒரு பழைய தமிழ்க் கோப்பை மீட்டு, எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்தல் வேண்டும். படிக்க முடிந்தால் அது காப்பு. முடியாவிடின், குறை எங்குள்ளது என்பதை மூலம் அழியாதிருக்கும் நாளிலேயே அறிந்துகொண்ட நன்மையேனும் கிட்டும்.

தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர் அனைவரும் கணிப்பொறி வல்லுநர் ஆக வேண்டுவதில்லை. தம் பள்ளிக்கும் சங்கத்திற்கும் வழங்கி அமைப்போரிடம் மூன்று வினாக்கள் கேட்டால் போதும்: மென்பொருள் எக்களஞ்சியத்திலிருந்து வருகிறது? அக்களஞ்சியம் எந்நாள் வரை திறந்திருக்கும்? அது மூடப்பட்ட மறுநாளும் இத்தமிழைப் படிக்க முடியுமா? இம்மூன்றுக்கும் தெளிவான விடை உள்ள இடத்தில் இன்று எழுதப்படும் தமிழ் நாளையும் படிக்கப்படும்.